கிணறு வாங்கிய கடன்... ஆறு கட்டும் தவணை!

ஆற்று நீரில் உரிமை ஒருவருக்கு. அதே ஆற்றை மண்ணுக்கடியில் இழுப்பது இன்னொருவரின் போர்வெல். இந்த வழக்கை அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சட்டத்தாலும் கணக்காலும் தீர்க்கப் பார்க்கின்றன. நம் காவிரித் தீர்ப்பிலும் அதே கேள்வி ஒளிந்திருக்கிறது.

ஜனவரி மாதம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து வடகிழக்குச் சமவெளி. மக்காச்சோளம் அறுத்த வயல்களில் வெறும் தட்டை நிற்கிறது. தண்ணீர் கேட்கும் பயிர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஆனாலும் சவுத் பிளாட் ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்காலில் நீர் ஓடுகிறது. மணல்மேடுகளுக்கு நடுவே வெட்டிய ஒரு குளத்தில் போய் விழுகிறது. ஓரமெல்லாம் பனிக்கட்டி, நடுவில் காட்டு வாத்துக் கூட்டம்.

இந்தக் குளத்தில் யாரும் மீன் வளர்ப்பதில்லை. பாசன மதகு கிடையாது. கரையில் களிமண் பூசவில்லை. அடியில் வண்டல் படிந்தால் சுரண்டி எறிகிறார்கள், மணல் வாய் திறந்தே இருக்க வேண்டும் என்பதற்காக. நம் ஊரில் குளம் கசிந்தால் மராமத்து கேட்டு மனுப் போடுவோம். இங்கே கசியாவிட்டால்தான் உரிமையாளருக்குத் தூக்கம் போகும்.

நீர் உள்ளே நுழையும் இடத்தில் இடுப்பு ஒடுங்கிய ஓர் அளவைத் தொட்டி இருக்கிறது. ஃபோர்ட் காலின்ஸ் நகரில் பணியாற்றிய பொறியாளர் ரால்ஃப் பார்ஷல் 1920-களில் உருவாக்கிய வடிவம் அது. எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு ஆவியானது, மீதி எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியது என்று எல்லாமே பதிவாகிறது. இறங்கிய நீர் மணலுக்குள் நகர்ந்து, மாதங்களோ ஆண்டுகளோ கழித்து ஆற்றுக்கே திரும்பிவிடும். அது ஆற்றைச் சேரும் மாதத்தில், அந்த விவசாயியின் கிணறு முன்பு எப்போதோ ஆற்றிடமிருந்து இழுத்த நீருக்கு ஈடாக வரவு வைக்கப்படும்.

சுருங்கச் சொன்னால், கோடையில் பம்ப்செட் ஓட வேண்டுமானால் குளிர்காலத்தில் குளம் கசிய வேண்டும். இந்த விசித்திர ஏற்பாட்டுக்குப் பின்னால் வறட்சி, வழக்கு, வயலிலேயே வாடிய பயிர், மாநிலங்களுக்கிடையே கோடிக்கணக்கான டாலர் இழப்பீடு என்று நீண்ட கதை இருக்கிறது.

முந்தியவருக்கே முதல் நீர்

ராக்கி மலைகளில் பிறந்து, டென்வர் நகரைக் கடந்து, நெப்ராஸ்கா மாநிலத்துக்குள் நுழையும் ஆறு சவுத் பிளாட். அது பாயும் சமவெளியில் ஆண்டு மழை சுமார் 35 முதல் 45 செ.மீ. தான். பாசனம் இல்லாமல் விளைச்சலை நம்ப முடியாது.

1870-ல் கிரீலி என்ற ஊரில் குடியேறியவர்கள் சவுத் பிளாட்டின் ஒரு கிளையாற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினார்கள். பிறகு ஃபோர்ட் காலின்ஸ்காரர்கள் அதே கிளையாற்றின் மேல்மடையில் வாய்க்கால் வெட்ட, 1874 வறட்சியில் கிரீலிக்கு நீர் வரவில்லை. இந்தத் தகராறின் சூடு ஆறுவதற்குள், 1876-ல் எழுதப்பட்ட கொலராடோ அரசியல் சட்டத்தில் ஒரு விதி ஏறியது: யார் முதலில் நீரை எடுத்துப் பயன்படுத்தினாரோ அவருக்கே முதல் உரிமை. 1882-ல் 'லெஃப்ட் ஹேண்ட்' வாய்க்கால் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆற்றங்கரையில் நிலம் இருக்கிறதா என்பது பொருட்டல்ல. தேதிதான் பேசும்.

பற்றாக்குறை வந்தால் ஆளுக்குக் கொஞ்சம் என்று பங்கு போடும் பேச்சே இங்கே கிடையாது. 1870-ம் ஆண்டின் உரிமைக்காரர் முழுப் பங்கையும் எடுத்த பிறகுதான் 1880-க்குச் சொட்டு நீர். தனக்கு வர வேண்டிய நீர் வரவில்லை என்று மூத்த உரிமைக்காரர் முறையிட்டால், அவருக்கு மேலே இருக்கும் இளைய உரிமைக்காரர்களின் மதகுகளை அரசு ஆணையர் வந்து இறக்கிவிடுவார்.

கொடூரமான விதி என்று தோன்றலாம். ஆனால் தெளிவான விதி. வாய்க்கால், மதகு என்று கண்ணுக்குத் தெரிந்த நீர் வரை அது ஒழுங்காகவே நடந்தது.

கண்ணுக்குத் தெரியாத மதகு

1930-களின் வறட்சி, பிறகு 1950-களின் வறட்சி. இடையில் கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது, டர்பைன் பம்ப் மலிவானது. கொலராடோவின் ஸ்ட்ராஸ்பர்க் பகுதி விவசாயி ஃபிராங்க் ஸைபாக், வட்டமாகச் சுழன்று நீர் தெளிக்கும் ராட்சதக் கருவிக்கு 1952-ல் காப்புரிமை வாங்கினார். விமானத்திலிருந்து பார்த்தால் பச்சைத் தட்டுகளாகத் தெரியும் வயல்கள் அந்தக் கருவியின் கைவரிசைதான்.

ஆற்றோர வண்டல் மண்ணில் ஆயிரக்கணக்கான கிணறுகள் இறங்கின. முறையிட வேண்டிய தேவையோ ஆணையரின் தொல்லையோ இல்லை. வேண்டும்போது ஸ்விட்சைத் தட்டினால் போதும். ஆற்றில் உரிமை வரிசைப்படி பார்த்தால் இந்தக் கிணறுகள் எல்லாமே கடைக்குட்டிகள். ஆனால் வறட்சி ஆண்டில் மூத்த வாய்க்கால்காரர் காய்ந்து நிற்க, கடைக்குட்டியின் பம்ப்செட் ராத்திரி பகலாக ஓடியது.

கிணறு இறைத்தால் ஆறு குறையுமா என்ற கேள்விக்கு அறிவியல் முன்பே பதில் சொல்லியிருந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் சார்ல்ஸ் தைஸ் 1940-ல் எழுதியது இதுதான்: கிணற்றில் எடுக்கும் ஒவ்வொரு துளியும் வேறெங்கோ குறைந்துதான் ஆக வேண்டும். முதலில் நிலத்தடி இருப்பு குறையும், பிறகு ஆற்றுக்குப் போய்ச் சேர வேண்டிய கசிவு குறையும், கடைசியில் ஆறே கிணற்றை நோக்கி வடியும். 1954-ல் குளோவர், பால்மர் இருவரும் அதைச் சமன்பாடாக்கினார்கள். 1968-ல் ஜென்கின்ஸ் அதைக் களப் பொறியாளர் கையாளும் எளிய வரைபடங்களாக்கினார்.

இந்த அறிவியலில் சட்டத்தைத் திணறடித்தது ஒன்றுதான்: காலம். ஆற்றங்கரைக் கிணறு இந்த மாதம் இறைத்தால் ஆறு இந்த மாதமே குறையும். ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிணறு இன்று இறைப்பது, பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும்போதுதான் ஆற்றில் பற்றாக எழும். அப்போது பம்ப்செட்டை நிறுத்தியும் பயனில்லை. வாங்கிய கடன் வாங்கியதுதான். தவணை ஓடிக்கொண்டே இருக்கும்.

பெட்டிச் செய்தி: தூரம் தீர்மானிக்கும் தவணை

ஜென்கின்ஸ் வகுத்த சூத்திரம்: ஆற்றுக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தின் வர்க்கத்தை மண்ணின் நீர் விடும் திறனால் பெருக்கி, அடுக்கின் நீர் கடத்தும் திறனால் வகுக்க வேண்டும். கிடைக்கும் நாள்களின் முடிவில், தொடர்ந்து இறைத்த நீரில் 28 சதவீதம் ஆற்றிலிருந்து போயிருக்கும்.

நீர் விடும் திறன் 20 சதவீதம், கடத்தும் திறன் நாளொன்றுக்கு 1,240 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டு நாம் போட்ட கணக்கு:

• ஆற்றிலிருந்து 400 மீட்டர் — சுமார் 26 நாள்
• 1.6 கிலோமீட்டர் — சுமார் 14 மாதம்
• 4.8 கிலோமீட்டர் — சுமார் 10 ஆண்டு

தூரம் மூன்று மடங்கானால் காலம் ஒன்பது மடங்கு. கசிவுக் குளத்துக்கும் இதே கணக்கு. திசை மட்டும் தலைகீழ்: அங்கே பற்று, இங்கே வரவு.

440 கிணறுகளுக்குப் பூட்டு

1969-ல் கொலராடோ ஒரு துணிச்சலான சட்டம் கொண்டுவந்தது. ஆற்றோடு தொடர்புள்ள நிலத்தடி நீரும் ஆற்று நீரும் ஒன்றே. இரண்டுக்கும் ஒரே முன்னுரிமைப் பட்டியல். மாநிலம் ஏழு நீர்க் கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் தனி நீர் நீதிமன்றம், தனிப் பொறியாளர். சவுத் பிளாட் கோட்டத்துக்கு கிரீலி நகரில் நீதிமன்றம்.

பட்டியலை அப்படியே அமல்படுத்தினால் கிணறுகள் எல்லாமே கோடையில் மூட வேண்டியவைதான். அதைத் தவிர்க்கச் சட்டம் ஒரு வழி வைத்தது: ஈடுசெய்யும் திட்டம். கிணற்றுக்காரர் எப்போது வேண்டுமானாலும் இறைக்கலாம். அதனால் ஆறு எந்த மாதத்தில், எந்த இடத்தில், எவ்வளவு குறைகிறதோ அதை அந்த மாதத்தில், அந்த இடத்தில், அந்த அளவில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இறைத்த முழு நீரையும் அல்ல, பயிர் குடித்துத் தீர்த்த பங்கை மட்டும். வயலிலிருந்து மறுபடி மண்ணுக்குள் இறங்கியது கழிந்துவிடும்.

காகிதத்தில் அழகான ஏற்பாடு. நடைமுறையில் கிணற்று விவசாயிகளின் பெரிய சங்கம் ஒன்று நகரங்களின் உபரி நீரையும் கழிவுநீர் சுத்திகரித்த நீரையும் ஆண்டுக்கு ஆண்டு குத்தகைக்கு வாங்கி ஈடுகட்டியது. மாநிலப் பொறியாளரும் ஆண்டுக்கு ஆண்டு தற்காலிக அனுமதி தந்தார். 1980-களிலும் 1990-களிலும் மலையில் பனி தாராளமாக விழுந்த ஆண்டுகள் பல. பணம் கட்டினால் பம்ப்செட் ஓடும் என்று விவசாயிகள் பழகிப்போனார்கள்.

பிறகு அடி மேல் அடி. 2001-ல், மலைப்பகுதிக் குடியிருப்புச் சங்கம் ஒன்றின் மீன்குட்டைகள் தொடர்பான வழக்கில், நீர் நீதிமன்றத்தைத் தாண்டி ஆண்டு அனுமதி தர மாநிலப் பொறியாளருக்கு அதிகாரம் இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002-ல் கடும் வறட்சி. நகரங்கள் உபரி நீரைத் தங்களுக்கே வைத்துக்கொண்டன; குத்தகை விலை எகிறியது. 2003-ல் இன்னொரு தீர்ப்பும் கிணறுகளுக்கு எதிராகவே வந்தது. அதே ஆண்டு சட்டமன்றம் ஒரு கெடு விதித்தது: 2005 முடிவதற்குள் கிணறுகள் நிரந்தர ஈடுசெய்யும் திட்டத்தோடு நீதிமன்றத்துக்கு வர வேண்டும். பழைய சங்கம் கலைந்தது.

2006 மே மாதம், விதைப்பு முடிந்த நேரத்தில் உத்தரவு வந்தது. மத்திய கொலராடோ நீர்ப் பாதுகாப்பு மாவட்டத்தின் துணை அமைப்பு ஒன்றைச் சேர்ந்த சுமார் 440 கிணறுகள் இறைக்கக் கூடாது. ஈடுகட்டக் கையில் நீர் இல்லை என்பதே காரணம். விதை, உரம், டீசல் எல்லாம் ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டன. வங்கிக் கடன் அந்த அறுவடையை நம்பித்தான் வாங்கப்பட்டிருந்தது. சில வாரங்கள் முன்பு சொல்லியிருந்தால் விதைக்காமலாவது இருந்திருக்கலாம் என்ற ஆதங்கம் விவசாயிகளிடம் வெடித்தது.

மறுதரப்பின் பேச்சையும் கேட்க வேண்டும். ஆற்றின் கீழ்மடையில் நூற்றாண்டு பழைய உரிமை வைத்திருக்கும் வாய்க்கால் விவசாயிகளுக்கு அந்த 440 கிணறுகள் பரிதாபத்துக்குரிய அண்டைவீட்டார் மட்டுமல்ல. முப்பது ஆண்டுகளாகத் தங்கள் நீரை அடியிலிருந்து இழுத்தவர்கள். அண்டை ஊர்க்காரர்களும் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்களும் எதிரெதிர் வக்கீல்களோடு நீதிமன்றத்தில் நின்றார்கள்.

பூட்டிய பிறகும் கணக்கு தீரவில்லை. முன்பு இறைத்ததன் பாதிப்பு ஆற்றில் இன்னும் தொடர்வதால் அந்தப் பழைய பாக்கியையும் ஈடுகட்டியே ஆக வேண்டும் என்று 2009-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த ஆண்டு ஒரு சொட்டும் இறைக்காதவரும் பல ஆண்டுகள் முன்பு இறைத்ததற்குத் தண்ணீர் தேடி அலைய வேண்டிய நிலை.

கசிவே சொத்து

இந்த நெருக்கடியில்தான் கசிவுக் குளங்கள் பெருகின. குளிர்காலத்தில் பயிர் இல்லை. மூத்த உரிமைக்காரர் எவரும் நீர் கேட்டு முறையிடாத நாள்களில் ஆற்று நீரை இளைய உரிமைக்காரரும் எடுக்கலாம். அந்த நீரை எந்தத் தூரத்தில் குளத்தில் விட்டால் ஜூலை, ஆகஸ்டில் ஆற்றைச் சேரும் என்று பொறியாளர் கணக்கிடுகிறார். ஒரே குளத்தை நம்பாமல், ஆற்றுக்கு அருகே சில, தொலைவில் சில என்று வெட்டினால் வரவு ஆண்டு முழுக்கப் பரவும்.

ஸ்டெர்லிங் நகரத்துக்குக் கீழே, குரூக் என்ற சிற்றூரை ஒட்டிய டமராக் வனவிலங்குப் பகுதியில் அரசே இதைச் செய்கிறது. ஆற்றோரக் கிணறுகளில் குளிர்காலத்தில் இறைத்த நீரை மணல்மேட்டுக் குளங்களுக்கு ஏற்றுகிறார்கள். அது மெல்ல வடிந்து, நெப்ராஸ்காவில் பிளாட் ஆற்றுக்கு நீர் தேவைப்படும் காலத்தில் திரும்பிப் போகிறது. கொக்கு இனத்தில் அழியும் நிலையில் உள்ள 'ஹூப்பிங் கிரேன்' உள்ளிட்ட பறவைகளுக்காகவும், மீனுக்காகவும் மூன்று மாநிலங்களும் மத்திய அரசும் 2007-ல் தொடங்கிய திட்டத்தில் கொலராடோவின் பங்கு இது.

பெட்டிச் செய்தி: குளத்து நீர் எப்படிக் கணக்கில் ஏறுகிறது?

1. ஆற்றில் உரிமை வரிசை அனுமதிக்கும் நாளில் மட்டும் நீர் திருப்பப்படும்.
2. குளத்து வாயிலில் அளவெடுப்பு. நேரடியாக வாய்க்காலிலேயே கசிந்தால் அதற்கும் தனி அளவு.
3. ஆவியானதும், குளத்தில் முளைத்த செடிகள் குடித்ததும் கழிக்கப்படும்.
4. மீதி எந்த மாதம் எவ்வளவு ஆற்றைச் சேரும் என்று சூத்திரப்படி பல ஆண்டுகளுக்கு அட்டவணை.
5. கிணறுகளின் பற்று அட்டவணையோடு மாதம் மாதம் ஒப்பீடு. வரவு குறைந்தால் அணை நீரோ நகரக் கழிவுநீரோ வாங்கி நிரப்ப வேண்டும். அதுவும் இல்லையென்றால் இறைப்புக்குக் கட்டுப்பாடு.

ஓர் ஏக்கர்-அடி என்பது ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர்: சுமார் 12.33 லட்சம் லிட்டர். ஒரு டிஎம்சி என்பது ஏறக்குறைய 22,957 ஏக்கர்-அடி.

வீட்டுக்கு அடியில் ஊறிய நீர்

கிணறுகள் அடங்கின, குளங்கள் கசிந்தன. அடுத்து யாரும் எதிர்பாராத திசையிலிருந்து புகார் வந்தது. கில்கிரெஸ்ட், லசால் ஆகிய சிற்றூர்களிலும், கீழே ஸ்டெர்லிங் பகுதியிலும் வீடுகளின் நிலவறைகளில் நீர் ஊறியது. கழிவுநீர்த் தொட்டிகள் வேலை செய்யவில்லை. வயல்களின் சில பகுதிகள் சதுப்பாகி டிராக்டர் இறங்க முடியாமல் போனது.

முன்பு கிணறுகள் கோடையெல்லாம் நீர்மட்டத்தைக் கீழே இழுத்து வைத்திருந்தன. இறைப்பு குறைந்தது, குளத்துக் கசிவும் சேர்ந்தது, மட்டம் மேலே வந்துவிட்டது. தன் நிலத்துக்கடியில் தளும்பும் நீரை எடுத்துப் பாய்ச்சலாமா என்றால் கூடாது: அது கீழ்மடைக்காரரின் உரிமை நீர். நிலவறையில் நீர், மேலே காயும் பயிர். இந்த முரண்பாட்டை விளங்கவைக்க எந்த வக்கீலாலும் முடியவில்லை.

சட்டமன்றம் 2012-ல் ஓர் ஆய்வுக்கு உத்தரவிட்டது. கொலராடோ நீர் ஆய்வு நிறுவனம் 2013 டிசம்பரில் அறிக்கை தந்தது. ஒருங்கிணைந்த நிர்வாகம் மூத்த உரிமைகளைக் காத்திருக்கிறது. ஆனால் உள்ளூர் அளவில் மட்டம் உயர்ந்து பாதிப்பு உண்டாகியிருக்கிறது என்பதே அதன் சாரம். ஆற்றுக்குச் சரியான கணக்கு, அந்தக் கணக்கு நடக்கும் மண்ணுக்கும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. எங்கே செறிவூட்டுகிறோம் என்பதும் எவ்வளவு செறிவூட்டுகிறோம் என்பதற்கு ஈடான கேள்வி என்பதை கில்கிரெஸ்ட் விலை கொடுத்துக் கற்றது.

அணை நிறைந்திருக்க, 6,400 உரிமைகளுக்கு ஆபத்து

கொலராடோவின் தலைவலி ஐடஹோவிலும் வந்தது, 2024-ல். ஸ்நேக் ஆற்றின் அருகே எரிமலைப் பாறைக்குள் பரந்து கிடக்கிறது கிழக்கு ஸ்நேக் சமவெளி நிலத்தடி நீர்த்தேக்கம். அதன் நீர் 'தவுசண்ட் ஸ்பிரிங்ஸ்' என்ற இடத்தில் பாறைச் சுவரிலிருந்து ஊற்றுகளாகக் கொட்டி ஆற்றில் சேர்கிறது. உருளைக்கிழங்கு, பால் பண்ணை, டிரவுட் மீன் பண்ணை எல்லாமே அந்த நீரை நம்பியவை.

2024 மே 30-ல் மாநில நீர்வளத் துறை இயக்குநர் ஓர் உத்தரவு போட்டார். 1954 மார்ச் 31-க்குப் பிந்தைய சுமார் 6,400 நிலத்தடி நீர் உரிமைகள் நிறுத்தப்பட வேண்டும். சுமார் 5 லட்சம் ஏக்கர் பாசனம் ஆட்டம் கண்டது. கிழங்கு ஏற்கெனவே மண்ணில் இருந்தது. அணைகளிலோ அந்த ஆண்டு நீர் நன்றாகவே இருந்தது. பிறகு ஏன் பற்றாக்குறை? மூத்த வாய்க்கால் நிறுவனம் அணை நீரை மட்டுமல்ல, ஆற்றின் இயற்கை ஓட்டத்தையும் நம்பியிருக்கிறது. அந்த ஓட்டத்துக்கு உயிர் கொடுப்பவை ஊற்றுகள். அவற்றில் நீர் குறைந்திருந்தது. கணித்த பற்றாக்குறை 74,100 ஏக்கர்-அடி, அதாவது சுமார் 3.2 டிஎம்சி.

மூன்று வாரத்தில், ஜூன் 20-ல், சமரசம் வந்து கிணறுகள் தப்பின. நவம்பரில் புதிய ஒப்பந்தம்: நிலத்தடி நீர்ப் பயனாளர்கள் ஆண்டுக்கு 2,05,000 ஏக்கர்-அடி, அதாவது சுமார் 9 டிஎம்சி, சேமித்தாக வேண்டும். அரசும் தன் பங்குக்கு ஆண்டுச் சராசரி 2,50,000 ஏக்கர்-அடி செறிவூட்டல் என்ற இலக்கை 2016-ல் வைத்தது. வாய்க்கால்களில் குளிர்கால நீரை விட்டு எரிமலைப் பாறைப் பிளவுகளுக்குள் இறக்குகிறார்கள்.

இந்த ஊற்றுகளின் வரலாற்றில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1900-களின் தொடக்கத்தில் விநாடிக்குச் சுமார் 4,200 கன அடி பாய்ந்த ஊற்றுகள் 1950-களில் சுமார் 6,800 கன அடியைத் தொட்டன. காரணம் மழை அல்ல. மண் வாய்க்கால்களிலும் வெள்ளப் பாசனத்திலும் 'வீணான' நீர் பாறைக்குள் இறங்கிக்கொண்டே இருந்ததுதான். பிறகு வயல்கள் தெளிப்புப் பாசனத்துக்கு மாறின, கிணறுகளும் பெருகின. ஊற்றுகள் இறங்குமுகம் கண்டன. சிக்கனம் என்று கைதட்டிய மாற்றமே இன்னொருவரின் நீர் வரத்தைக் குறைத்தது. இதைக் கண்டுகொண்ட கொலராடோ, ஆர்கன்சா ஆற்றுப் பள்ளத்தாக்கில் 2011 முதல் வாய்க்கால் பாசனத்தைத் தெளிப்புக்கு மாற்றுவோர் குறையும் கசிவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதி வைத்தது.

பெட்டிச் செய்தி: கிணற்றால் வந்த மாநில வழக்குகள்

• ஆர்கன்சா ஆறு: 1985-ல் கன்சாஸ் மாநிலம் கொலராடோ மீது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. நதி ஒப்பந்தத்துக்குப் பிறகு தோண்டிய கிணறுகள் எல்லை தாண்ட வேண்டிய நீரைக் குறைத்தன என்று 1995-ல் தீர்ப்பு. 2005-ல் கொலராடோ 3.4 கோடி டாலருக்கு மேல் கட்டியது.

• ரிபப்ளிகன் ஆறு: நெப்ராஸ்காவின் மிகை நுகர்வுக்காக 2015-ல் உச்ச நீதிமன்றம் விதித்த தொகை 55 லட்சம் டாலர். அதில் 18 லட்சம், இந்த ஆற்றின் பங்கீட்டு ஒப்பந்தத்தை மீறி ஈட்டிய ஆதாயத்தைப் பறிக்கும் வகையில். இதே ஒப்பந்தத்தைக் காப்பாற்ற, கொலராடோ 2011-ல் பானி என்ற நீர்த்தேக்கத்தையே வடித்துக் காலி செய்தது.

குளிர்கால நீர் யாருக்கு?

சவுத் பிளாட்டில் அடுத்த மோதல் கசிவுக் குளங்களின் அடிமடியிலேயே கைவைக்கிறது. 1923-ல் கொலராடோவும் நெப்ராஸ்காவும் செய்த ஒப்பந்தப்படி, ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 15 வரை எல்லையில் விநாடிக்கு 120 கன அடிக்குக் கீழே ஓட்டம் குறைந்தால், கொலராடோவின் கீழ்ப்பகுதியில் 1897 ஜூன் 14-க்குப் பிந்தைய உரிமைகளை நிறுத்த வேண்டும். குளிர்காலத்தில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் அதே ஒப்பந்தத்தில் நூறாண்டு உறங்கிய ஒரு பிரிவு உண்டு: நெப்ராஸ்கா தன் செலவில் கொலராடோ நிலத்தில் ஒரு கால்வாய் வெட்டிக்கொண்டால், பாசனம் இல்லாத மாதங்களில் விநாடிக்கு 500 கன அடி வரை எடுத்துக்கொள்ளலாம்.

2022-ல் நெப்ராஸ்கா சட்டமன்றம் அந்தப் பெர்கின்ஸ் கால்வாய்க்கு அனுமதி தந்தது. 2025 ஜூலையில் அந்த மாநிலம் கொலராடோ மீது உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தது. கால்வாய்க்கு முட்டுக்கட்டை போடுகிறது, கோடை நீரையும் குறைக்கிறது என்பது குற்றச்சாட்டு. கொலராடோ மறுக்கிறது.

குளிர்கால நீரை நெப்ராஸ்கா இழுத்துக்கொண்டால், கீழ்மடைக் கசிவுக் குளங்கள் எதை வைத்து நிரம்பும்? குளம் நிரம்பாவிட்டால் கிணற்றுக்கு வரவு இல்லை. வரவில்லாத கிணறு 2006-ல் என்ன ஆனது என்பது ஊருக்கே தெரியும்.

காவிரியில் எழுதிய 10 டிஎம்சி

இதெல்லாம் அந்நியச் செய்தியாகத் தோன்றினால், 2018 பிப்ரவரி 16-ம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்ன காவிரித் தீர்ப்பைத் திருப்பிப் பார்க்கலாம். தமிழகத்துக்குக் கர்நாடகம் திறந்துவிட வேண்டிய நீர் 192 டிஎம்சியிலிருந்து 177.25 டிஎம்சியாகக் குறைந்தது. குறைந்த 14.75-ல் 4.75 டிஎம்சி பெங்களூருவின் தேவையைச் சொல்லிக் குறைத்தது. மீதி 10 டிஎம்சிக்குச் சொன்ன காரணம், தமிழகத்துக் காவிரிப் படுகையில் கிடைக்கும் நிலத்தடி நீர். அங்கே 20 டிஎம்சி இருக்கிறது, அதில் பாதியையாவது கணக்கில் எடுக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது.

ஆற்றுப் பங்கும் நிலத்தடி நீரும் ஒரே தராசில் ஏறிய நாள் அது. ஆனால் கொலராடோவின் கேள்வி அங்கே கேட்கப்படவில்லை: அந்த நிலத்தடி நீரில் எவ்வளவு காவிரி நீரே கசிந்து இறங்கியது? எந்த மாதம் இறங்கி, எந்த மாதம் எந்தக் கிணற்றில் ஏறியது? வாய்க்காலில் நீர் வராத ஆண்டில் அது எவ்வளவு குறையும்? டெல்டா விவசாயியைக் கேட்டால் மேட்டூர் திறக்காத ஆண்டில் தன் பம்ப்செட்டில் என்ன நடந்தது என்று சொல்வார். நீதிமன்றத்துக்கு வேண்டியது அனுபவம் அல்ல, பதிவேடு.

அந்தப் பதிவேடு நம்மிடம் மெலிந்தே கிடக்கிறது. பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம்; பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் இல்லை. நிலத்துக்கடியில் உள்ள நீர் நிலத்துக்காரருக்கே என்ற கருத்து 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்திலிருந்து வருகிறது. தமிழக அரசு 2003-ல் நிலத்தடி நீர் மேலாண்மைக்கு இயற்றிய சட்டம் நடைமுறைக்கு வராமலே கிடந்து, 2013-ல் நீக்கப்பட்டது.

கொலராடோவின் சட்டத்தை அப்படியே தூக்கிவர வேண்டியதில்லை. முதலில் வந்தவருக்கே எல்லாம் என்ற விதி இங்கே கடைமடை விவசாயியைக் கொன்றுவிடும். எல்லாக் கிணற்றையும் நீதிமன்றத்துக்கு இழுத்தால் இருக்கும் வழக்குகளே திணறும். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு பழக்கம்: செறிவூட்டல் என்றால் எத்தனை தடுப்பணை கட்டினோம் என்று எண்ணுவதோடு நிற்காமல், அந்த நீர் எங்கே இறங்கி, எப்போது, யாருடைய கிணற்றிலோ ஆற்றிலோ எழுகிறது என்று எழுதிவைப்பது. கிணற்றின் பற்றையும் அதே ஏட்டில் மாதவாரியாக எழுதுவது. டெல்டாவில் வாய்க்காலுக்கு சிமென்ட் தளம் போடும்போது, குறையும் கசிவை எந்தப் பம்ப்செட் இழக்கிறது என்று முன்கூட்டியே கணக்குப் பார்ப்பது. நீர்மட்டத்தை ஆண்டுக்குச் சில முறை பார்ப்பதோடு நிறுத்தாமல், ஆற்றோரக் கிணறுகளில் தானியங்கிப் பதிவுக் கருவிகள் வைப்பது.

கன்சாஸ் வழக்குத் தொடுத்த பிறகுதான் ஆர்கன்சா பள்ளத்தாக்கின் கிணறுகளுக்குக் கொலராடோ கடும் விதி எழுதியது. 2006-ல் பயிர் வாடிய பிறகுதான் சவுத் பிளாட்டில் குளங்கள் பெருகின. இரண்டு இடத்திலும் கணக்கு தாமதமாகத் தொடங்கியது, விலையும் அதிகமானது. காவிரிக்கு வாதாடும் மாநிலம் தன் கிணறுகளின் கணக்கைத் தானே வைத்திருக்க வேண்டும். வைக்காவிட்டால் வேறொருவர் எழுதித் தருவார். 2018-ல் அப்படி எழுதியதுதான் 10 டிஎம்சி.